கடைமடை வறண்டதா? பார்க்கின்சன் போன்ற நோய்களை மூளை ஸ்கேன் பிரித்துக் காட்டும் விதம்

"அப்பாவுக்குக் கை நடுங்குது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், நார்மல்னு வந்துடுச்சு. அப்போ பார்க்கின்சன் இல்லைதானே?" நரம்பியல் மருத்துவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. அந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பார்க்கின்சன் நோய் இருப்பவருக்கும் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. "டோபமின் ஸ்கேன்ல குறைவுன்னு போட்டிருக்கு, பார்க்கின்சன் உறுதியாயிடுச்சு" என்பார்கள். அதுவும் சரியில்லை. அந்த ஸ்கேனில் குறைவு காட்டக்கூடிய நோய்கள் பல இருக்கின்றன.

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். ஸ்கேன் நோயின் பெயரைச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்கிறோம். ஒவ்வொரு ஸ்கேனும் தனக்குரிய ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எதனிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டைப் படித்து மிரள வேண்டியதில்லை.

## முதலில் பெயரைச் சரிசெய்வோம்

பார்க்கின்சோனிசம் என்பது அறிகுறிக் கூட்டம் ஒன்றின் பெயர். காய்ச்சல் என்கிறோமே, அது போல. காய்ச்சல் டெங்குவிலும் வரும், டைபாய்டிலும் வரும். தெர்மாமீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. பார்க்கின்சோனிசம் என்று சொல்ல, அசைவு மந்தமாகியிருக்க வேண்டும். அதோடு, சும்மா இருக்கும் கையில் நடுக்கமோ, மடக்கி நீட்டும்போது ஈயக்குழாயை வளைப்பது போன்ற விறைப்போ சேர்ந்திருக்க வேண்டும். நடுக்கம் கட்டாயமில்லை என்பதைக் கவனியுங்கள். 'நடுக்குவாதம்' என்ற பெயர் இந்த இடத்தில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நடுக்கமே இல்லாமல், கையெழுத்து போகப் போகச் சிறுத்து, சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்து, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்கும் ஒருவரை 'வயசாயிடுச்சு' என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டத்துக்குக் காரணமாகிற நோய்களில் அதிகம் காணப்படுவது பார்க்கின்சன் நோய். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இதை விவரித்தது ஆறே பேரை வைத்து. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இந்நோய் பொதுவாக உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கும். லெவோடோபா மருந்துக்கு, அதாவது பல வீடுகளில் சின்டோபா என்ற பெயரில் புழங்கும் மாத்திரைக்கு, நன்றாகக் கட்டுப்படும்.

அதைப் போலவே தோன்றும் உறவுக்கார நோய்கள் நான்கு. புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பி.எஸ்.பி.: கண்களை மேலும் கீழும் ஓட்டுவது கடினமாகும், தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்கவே சிரமப்படுவார்கள், முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே அடிக்கடி விழத் தொடங்குவார்கள், அதுவும் பின்பக்கமாக. மல்ட்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி, எம்.எஸ்.ஏ.: எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர்க் கட்டுப்பாடு போகும், சிலருக்கு விறைப்பு முந்தும், சிலருக்குச் சிறுமூளை கெட்டுத் தள்ளாட்டம் முந்தும். கார்டிகோபேசல் சிண்ட்ரோம், சி.பி.எஸ்.: ஒரு கை மட்டும் சொன்னபடி கேட்காது. லூவி உடல் டிமென்ஷியா: இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், தெளிவும் குழப்பமும் மாறி மாறி வரும்.

இவை போக, பார்க்கின்சன் வேடம் போடுபவை சில: மருந்தால் வரும் பார்க்கின்சோனிசம், மூளையின் சிறு ரத்தக்குழாய் அடைப்பு, மூளை நீரறைகளில் நீர் மிகுதல். எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்க நோயும் உண்டு. அதில் டம்ளரைப் பிடித்தால்தான் கை நடுங்கும், மந்தம் இருக்காது.

பிரித்தறிவதால் என்ன லாபம்? மருந்தால் வந்ததென்றால் அந்த மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். நீர் மிகுதி என்றால் குழாய் வைத்து வடிக்கலாம். பார்க்கின்சன் நோய்க்கு உதவும் மூளை மின்தூண்டல் அறுவை சிகிச்சை பி.எஸ்.பி.க்கும் எம்.எஸ்.ஏ.வுக்கும் உதவாது. தலையில் துளை போட்ட பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

## ஏரி, வாய்க்கால், வயல்

மூளைத்தண்டின் உச்சியில் இருப்பது நடுமூளை. அதன் இருபுறமும் கறுத்த பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் பெயர் சப்ஸ்டான்ஷியா நைக்ரா. இதை ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் இருக்கும் தண்ணீர் டோபமின், அசைவுகளை இலகுவாக்கும் வேதிப்பொருள். அங்கிருந்து நீண்ட நரம்பிழைகள் வாய்க்கால்களாக மேலேறி, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதிக்குப் பாய்கின்றன. அதுதான் வயல். அதில் இரண்டு பாத்திகள்: முன்னால் காடேட், பின்னால் நீண்டு கிடப்பது புட்டாமென். வாய்க்கால் வயலில் திறக்கும் இடத்தை மடை என்போமே, அது நரம்பிழையின் முனை. அந்தத் தண்ணீரை உறிஞ்சும் மண், ஸ்ட்ரையாட்டத்தின் செல்கள்.

பார்க்கின்சன் நோயில் ஏரியின் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது எது? காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கடைமடை, அதாவது வாய்க்காலின் கடைசி முனை. மூளையிலும் அப்படித்தான். புட்டாமெனின் பின்பகுதி முதலில் வறள்கிறது. காடேட்டுக்குப் பிறகுதான் பாதிப்பு போகிறது. கை நடுக்கம் வெளியே தெரியும் நாளில் புட்டாமெனின் மடைகளில் சுமார் பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். ஆனால் வயல் மண் நன்றாக இருக்கிறது. அதனால்தான் லாரித் தண்ணீர் மாதிரி லெவோடோபா கொடுத்தால் பயிர் நிமிர்கிறது.

எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி. இரண்டிலும் ஏரியும் வறள்கிறது, வயலும் பாழாகிறது. மண்ணே கெட்ட பிறகு லாரித் தண்ணீர் விட்டு என்ன பயன்? மாத்திரை சரியாகப் பிடிக்காததன் காரணம் அதுதான். மருந்தால் வரும் பார்க்கின்சோனிசம் வேறு ரகம். ஏரியில் தண்ணீர் இருக்கிறது, மடையும் திறந்திருக்கிறது, ஆனால் வயல் மீது யாரோ தார்ப்பாய் விரித்துவிட்டார்கள். எசென்ஷியல் ட்ரெமரில் இந்த ஆயக்கட்டுக்கே சம்பந்தமில்லை. கோளாறு வேறொரு பாசனத்தில்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பார்க்கின்சோனிசம் அறிகுறி, பார்க்கின்சன் நோய் அதன் காரணங்களில் ஒன்று. ஏரி மட்டும் வறண்டால் பார்க்கின்சன், ஏரியும் வயலும் கெட்டால் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. வகை, இரண்டும் நன்றாக இருந்து நடுவில் தடுப்பு என்றால் மருந்து. இனி ஸ்கேன்கள் இவற்றில் எதைப் பார்க்கின்றன என்று பார்ப்போம்.

## எம்.ஆர்.ஐ. பார்ப்பது வடிவத்தை

எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தால் எடுக்கும் படம், கதிர்வீச்சு இல்லை. திசு எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது, எங்கே நீர் கூடியிருக்கிறது, எங்கே இரும்பு படிந்திருக்கிறது என்று காட்டும். பார்க்கின்சன் நோயில் ஏரிக்குள் செல்கள் அழிந்தாலும் ஏரிக்கரை அப்படியேதான் இருக்கும். வானத்திலிருந்து கரையைப் படம் பிடித்தால் தண்ணீரின் ஆழம் தெரியாது அல்லவா? நார்மல் ரிப்போர்ட் வருவது இதனால்தான். அந்த நார்மலுக்கும் மதிப்பு உண்டு. வேறு காரணங்கள் இல்லை என்று அது சொல்கிறது.

எதை இல்லை என்கிறது? சிறு ரத்தக்குழாய் அடைப்புகளால் வெள்ளைப் பகுதி முழுக்கத் திட்டுத்திட்டாகக் கெட்டிருந்தால் தெரியும். இவர்களுக்குக் கை நன்றாக இருக்கும், கால்தான் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நீரறைகள் விரிந்திருந்தால் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீர் எடுத்து, முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். விழுந்ததில் மண்டைக்குள் கட்டிய ரத்தம் தெரியும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்துபோனவருக்குத் தலாமஸ் பகுதியிலும் நைக்ராவிலும் தழும்பு தெரியும். நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவருக்கு இந்த அறிகுறிகள் என்றால், செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயைத் தேடியே ஆக வேண்டும். அதில் நடுமூளையின் குறுக்குவெட்டு பாண்டா கரடியின் முகம் போலத் தெரிவதுண்டு. மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் அது, தவறவிட்டால் பெரிய இழப்பு.

### தேன்சிட்டின் தலை

எம்.ஆர்.ஐ.யின் தனித் திறமை பி.எஸ்.பி.யில் வெளிப்படும். மூளையை மூக்கு நுனியிலிருந்து பிடரிவரை நேர்பாதியாக வெட்டியது போன்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொந்தி போல உப்பியிருப்பது பான்ஸ். அதற்கு மேலே கழுத்தும் தலையுமாக இருப்பது நடுமூளை. இயல்பான மூளையில் நடுமூளையின் மேல்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும், அல்லது தட்டையாக இருக்கும். பி.எஸ்.பி.யில் நடுமூளை மட்டும் சுருங்குவதால் அந்த விளிம்பு உள்ளே குழிந்துவிடும். பான்ஸ் அப்படியே இருக்கும். பார்த்தால் கொழுத்த உடம்பும் சின்னத் தலையும் நீண்ட அலகும் கொண்ட பறவை ஒன்று உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மருத்துவர்கள் அதற்கு அமெரிக்கக் கண்டத்து ஹம்மிங்பேர்டின் பெயரை வைத்தார்கள். நமக்குத் தேன்சிட்டு என்றாலே போதும்.

கண்ணால் பார்ப்பதோடு விடாமல் அளக்கவும் செய்வார்கள். 2005-ல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில், அந்த நேர்வெட்டுப் படத்தில் நடுமூளையின் பரப்பு இயல்பானவர்களுக்குச் சராசரியாக 118 சதுர மில்லிமீட்டர் அளவிலும், பார்க்கின்சன் நோயாளிகளுக்கு 103 அளவிலும் இருந்தது. பி.எஸ்.பி. நோயாளிகளுக்கு 56 மட்டுமே.

இத்தாலியக் குழு ஒன்று 2008-ல் இன்னும் கூர்மையான கணக்கைக் கொண்டுவந்தது. ரிப்போர்ட்டில் எம்.ஆர்.பி.ஐ. என்று இருந்தால் அது இதுதான். பான்ஸின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுக்க வேண்டும். சிறுமூளையைத் தாங்கும் நடுத்தண்டின் தடிமனை மேல்தண்டின் தடிமனால் வகுக்க வேண்டும். இரண்டு விடைகளையும் பெருக்க வேண்டும். பி.எஸ்.பி.யில் நடுமூளையும் மேல்தண்டும் மெலியும். வகுக்கும் எண்கள் சிறுத்தால் விடை பெரிதாகும். எம்.எஸ்.ஏ.வில் பான்ஸும் நடுத்தண்டும் மெலிவதால் விடை சிறுத்துப்போகும். அந்த ஆய்வில் பி.எஸ்.பி.யைப் பிரித்த எல்லை 13.55.

விளக்கத்துக்காக எடுத்த எண்களைப் போட்டுப் பார்ப்போம். பி.எஸ்.பி. என்று சந்தேகிக்கும் ஒருவருக்கு பான்ஸ் 480, நடுமூளை 64, வகுத்தால் 7.5. நடுத்தண்டு 9 மில்லிமீட்டர், மேல்தண்டு 3, வகுத்தால் 3. பெருக்கினால் 22.5. இயல்பான ஒருவருக்கு பான்ஸ் 500, நடுமூளை 125, தண்டுகள் 9, 4 என்றால் விடை 9. இப்போது சிக்கலைப் பாருங்கள். இந்த இரண்டாமவரின் மேல்தண்டை அளக்கும்போது ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறி 3 என்று போட்டுவிட்டால் விடை 12 ஆகிவிடும், எல்லைக்குப் பக்கத்தில். படத்தின் ஒரு புள்ளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்கிறபோது இந்தத் தவறு நடக்காத இடமில்லை. தலை சற்றுச் சாய்ந்திருந்து நேர்பாதி வெட்டு விலகிப்போனாலும் நடுமூளை சிறுத்தது போலக் காட்டும். ஆகவே எல்லையோரத்தில் வரும் எண்ணை மட்டும் நம்பி யாரும் பெயர் சூட்டக் கூடாது. நீரறைகள் விரிந்த நோயிலும் நடுமூளையின் மேல்விளிம்பு அமுங்கித் தேன்சிட்டு போலத் தெரிவதுண்டு.

### பன்னின் சிலுவையும் இரட்டைவாலும்

எம்.எஸ்.ஏ.வில் பான்ஸின் குறுக்குவெட்டில் வெள்ளைச் சிலுவை தெரியலாம். ஈஸ்டர் காலத்துச் சிலுவைக்கீற்று பன்னின் பெயரால் அதை அழைக்கிறார்கள். விறைப்பு முந்தும் வகையில் புட்டாமென் சுருங்கி, அதன் வெளி ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். ஆனால் சக்தி கூடிய 3 டெஸ்லா எந்திரத்தில் இயல்பான ஆட்களுக்கும் மெல்லிய கோடு தெரிவது சகஜம். சிலுவையும் எம்.எஸ்.ஏ.வுக்கு மட்டுமே சொந்தமில்லை; பரம்பரையாக வரும் சிறுமூளை நோய்கள் சிலவற்றிலும் தெரியும். தவிர, நோய் தொடங்கிய முதல் ஆண்டுகளில் இவை எதுவும் தெரியாமல் இருக்கலாம்.

ஏரியையே நெருங்கிப் பார்க்கும் முறை ஒன்றும் வந்திருக்கிறது. இரும்பைத் துல்லியமாகக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. வகைப் படத்தில், இயல்பான நைக்ராவின் பின்பகுதி கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கீற்றோடு, இரட்டைவால் குருவியின் வால் போலப் பிளந்து தெரியும். பார்க்கின்சன் நோயில் அந்தக் கீற்று மறைந்து வால் ஒன்றாகிவிடும். ஆனால் பி.எஸ்.பி.யிலும் எம்.எஸ்.ஏ.விலும் கூட அது மறையும். ஏரி வறண்டதா என்றுதான் இதனிடம் கேட்கலாம். ஏன் வறண்டது என்று கேட்க முடியாது. கீற்று ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆகவே படத்தின் அடுக்குகள் தடிமனாக இருந்தாலோ தலை அசைந்தாலோ இயல்பானவருக்கும் 'வால் இல்லை' என்று வந்துவிடும்.

நடைமுறையில்: சீட்டில் 'கை நடுக்கம், மூளை எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் எழுதி அனுப்பினால் பக்கவாதம் தேடும் வழக்கமான படங்களோடு திரும்பி வருவீர்கள். 'பார்க்கின்சோனிசம், பி.எஸ்.பி.யா, எம்.எஸ்.ஏ.யா' என்று கேள்வி எழுதியிருந்தால் ஒரு மில்லிமீட்டர் அடுக்குப் படம், நேர்பாதி வெட்டு, எஸ்.டபிள்யூ.ஐ. எல்லாம் சேர்த்து எடுப்பார்கள். இதற்குப் பெரும்பாலும் சாய ஊசி தேவைப்படாது. நடுக்கம் உள்ளவர்கள், மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால், மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டே போகலாம். நடுக்கம் அடங்கினால் படம் கலையாது.

## டோபமின் ஸ்கேன் எண்ணுவது மடைகளை

அடுத்த கேள்வி: வாய்க்கால் முனைகள் இருக்கின்றனவா? ஒவ்வொரு மடையிலும் சிந்திய டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு; அதன் பெயர் டாட். கதிரியக்கம் சேர்த்த மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் அது போய் டாட்டில் ஒட்டிக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து, கதிர்களைப் படிக்கும் ஸ்பெக்ட் கேமராவின் கீழ் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் படுக்கவைத்துப் படம் எடுப்பார்கள். அயோடின் கலந்த அயோஃப்ளூபேன் மருந்து ஐரோப்பாவில் 2000-லும் அமெரிக்காவில் 2011-லும் அனுமதி பெற்றது. இந்தியாவில் டெக்னீசியம் கலந்த ட்ரோடாட் பயன்படுகிறது. எஃப்-டோபா என்ற பெட் ஸ்கேனும் (கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் இன்னொரு வகைப் படம்) ஏறத்தாழ இதே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அது மடையின் எண்ணிக்கையைப் பார்க்காமல் டோபமின் தயாரிப்பைப் பார்க்கும்.

படம் எப்படி இருக்கும்? இயல்பானவருக்கு இருபுறமும் பளிச்சென்று இரண்டு காற்புள்ளிகள். காற்புள்ளியின் தலை காடேட், வால் புட்டாமென். பார்க்கின்சன் நோயில் வால் அழிந்து, காற்புள்ளி முற்றுப்புள்ளியாகிவிடும். கடைமடை முதலில் வறண்டதன் படம் அது. வலது கை நடுங்குபவருக்கு மூளையின் இடப்பக்க வால் முதலில் அழியும்.

இந்த ஸ்கேனிடம் கேட்க வேண்டிய சரியான கேள்விகள் மூன்று. எசென்ஷியல் ட்ரெமரா, பார்க்கின்சனா? மருந்தால் வந்ததா, நிஜமாகவே ஏரி வறண்டதா? ஆல்சைமரா, லூவி உடல் டிமென்ஷியாவா? மூன்றிலும் முதலில் சொன்னதற்குக் காற்புள்ளி முழுதாக இருக்கும், இரண்டாவதற்கு அழிந்திருக்கும்.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மட்டும்தான் தார்ப்பாய் விரிக்கும் என்று நினைக்க வேண்டாம். வாயுத் தொல்லைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் மாதக்கணக்கில் போடும் மாத்திரைகள் சிலவற்றில் லெவோசல்பிரைடு கலந்திருக்கிறது. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்கு சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனாரிசின் எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஸ்கேனுக்கு முன்னால் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பூனைக்காலி விதைச் சூரணம் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அதில் லெவோடோபாவே இருக்கிறது.

இந்த ஸ்கேனிடம் கேட்கக் கூடாத கேள்வி: பார்க்கின்சனா, பி.எஸ்.பி.யா, எம்.எஸ்.ஏ.யா? மூன்றிலும் ஏரி வறள்வதால் மூன்றிலும் முற்றுப்புள்ளிதான். ரிப்போர்ட்டில் 'பார்க்கின்சன் நோயோடு ஒத்துப்போகிறது' என்று எழுதியிருந்தால் அதை 'மடைகள் குறைந்திருக்கின்றன' என்று படியுங்கள். மறுபக்கம், காற்புள்ளிகள் முழுதாக இருந்தால் அது பலமான செய்தி. சர்வதேச வரையறைகள், மடைகள் இயல்பாக இருப்பதை பார்க்கின்சன் நோய் இல்லை என்பதற்கான சான்றாகவே எடுத்துக்கொள்கின்றன.

என்னென்ன தவறலாம்? தலை சாய்ந்து படுத்தால் ஒரு பக்கம் குறைந்தது போலத் தெரியும். மடையில் போய் உட்காரும் வேறு மருந்துகள் படத்தைக் கெடுக்கும்: மெத்தில்ஃபெனிடேட், பூப்ரோபியான், ஆம்ஃபெட்டமின் வகைகள், கொகெய்ன். இவற்றில் எதை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். லெவோடோபாவை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரை போடுவதால் மடை கூடுவதோ குறைவதோ இல்லை. அயோடின் மருந்து என்றால் தைராய்டைக் காக்க முன்கூட்டியே ஒரு மருந்து கொடுப்பார்கள். டெக்னீசியத்துக்கு அது தேவையில்லை. அயோஃப்ளூபேன் என்றால் கதிர்வீச்சு சுமார் 4 முதல் 5 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 வரை நம் உடலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

மறுபடி ஒரு நிமிடம் நின்று பார்ப்போம். எம்.ஆர்.ஐ. வடிவத்தைச் சொல்கிறது, பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ.வைக் காட்டிக்கொடுக்கும், பார்க்கின்சனைப் பெரும்பாலும் காட்டாது. டோபமின் ஸ்கேன் மடையைச் சொல்கிறது. வேடதாரிகளை விலக்கும், உறவுக்காரர்களைப் பிரிக்காது. ஆக, வயல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கருவிதான் பாக்கி.

## எஃப்.டி.ஜி. பெட்: எந்த வயல் பச்சை

எஃப்.டி.ஜி. என்பது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புற்றுநோய்க்கு எடுக்கும் அதே பெட் ஸ்கேன்தான். வேலை செய்யும் மூளைப்பகுதி சர்க்கரையைத் தின்னும், சோர்ந்த பகுதி தின்னாது. விளைச்சல் எங்கே பச்சை, எங்கே காய்ந்தது என்று வானத்திலிருந்து பார்ப்பது போல.

பார்க்கின்சன் நோயில் வயல் பச்சையாகவே இருக்கும். மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் புட்டாமென் சற்றுத் தூக்கலாகவும் தெரியும். எம்.எஸ்.ஏ.வில் புட்டாமெனும் சிறுமூளையும் காய்ந்திருக்கும். பி.எஸ்.பி.யில் நடுமூளையும் நெற்றிப் பகுதியின் உட்புறமும். சி.பி.எஸ்.ஸில் சொன்னபடி கேட்காத கைக்கு எதிர்ப்பக்கத்து மூளை மட்டும், ஒருதலையாக. லூவி உடல் டிமென்ஷியாவில் பிடரிப் பகுதி, அதாவது பார்வைக்குரிய இடம், காய்ந்திருக்கும். உறவுக்காரர்களை ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரிக்க இப்போது கையில் இருப்பவற்றில் இதுவே நல்ல கருவி என்பது என் கணிப்பு. டோபமின் ஸ்கேனுக்குக் கிடைக்கும் புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

தயாரிப்பு முக்கியம். குறைந்தது நான்கு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் மங்கலான அறையில் பேசாமல், போன் பார்க்காமல் இருக்க வேண்டும். வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் பார்வைப் பகுதி சர்க்கரையை அள்ளிக்கொள்ளும், படத்தின் சமநிலை போய்விடும். ரத்தச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் கதிரியக்கச் சர்க்கரை மூளைக்குள் போட்டிபோட முடியாமல் படம் மங்கும். சர்க்கரை நோயாளிகள் அன்று காலை இன்சுலின், மாத்திரை எப்படி என்று முன்னாடியே மையத்தில் கேட்டுவிடுவது நல்லது.

## மூளைக்குப் பதில் இதயத்தைப் பார்ப்பது

வேடிக்கையான ஸ்கேன் ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோயும் லூவி உடல் டிமென்ஷியாவும் மூளையோடு நிற்பதில்லை. இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகளின் முனைகளையும் அரிக்கின்றன. எம்.எஸ்.ஏ.விலும் பி.எஸ்.பி.யிலும் அந்த முனைகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். எம்.ஐ.பி.ஜி. என்ற மருந்தை ஏற்றி, 15 நிமிடத்திலும் மறுபடி மூன்று நான்கு மணி நேரம் கழித்தும் நெஞ்சைப் படம் எடுத்தால், பார்க்கின்சன்காரரின் இதயம் பெரும்பாலும் படத்தில் தெரியாது. ஜப்பானில் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். நம்மிடம் ஒரு பெரிய தடை: நீண்ட நாள் சர்க்கரை நோயும் மாரடைப்பும் இதே நரம்பு முனைகளைக் கெடுக்கும். இருபது வருடச் சர்க்கரைக்காரருக்கு இதயம் தெரியவில்லை என்றால் அது பார்க்கின்சனால்தானா என்று சொல்ல வழியில்லை.

## எந்த வரிசையில்

முதலில் ஸ்கேனே இல்லை. அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் கையைத் தட்டச் சொல்லி, நடக்கவைத்து, கண்ணை ஓட்டிப் பார்த்து, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் எடுத்து, லெவோடோபாவுக்கு உடல் எப்படி இணங்குகிறது என்று சில மாதங்கள் பார்ப்பார். ஒரு பக்கம் தொடங்கி, ஓய்வில் நடுங்கி, மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு டோபமின் ஸ்கேன் தேவையே இல்லை. வேறு காரணங்களை விலக்க எம்.ஆர்.ஐ. ஒன்று போதும். நடுக்கம் எந்த வகை என்று குழப்பமோ, நிறுத்த முடியாத மனநோய் மருந்தோ இருந்தால் டோபமின் ஸ்கேன். மாத்திரை பிடிக்காமல், விழுந்துகொண்டோ மயங்கிக்கொண்டோ இருந்தால் எம்.ஆர்.ஐ.யை அளவுகளோடு எடுத்து, அதிலும் தெளிவில்லை என்றால் எஃப்.டி.ஜி. பெட்.

நோயை உண்டாக்கும் கெட்ட புரதத்தையே படத்தில் பார்க்கும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. பார்க்கின்சன் நோயில் சேரும் ஆல்ஃபா-சைனுக்ளீனுக்கு அப்படிப்பட்ட ஸ்கேன் சிகிச்சைப் பயன்பாட்டுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே உறுதி என்பது இப்போதைக்குக் காலத்தின் கையிலும் இருக்கிறது. முதல் ஆண்டில் நார்மலாக இருந்த நடுமூளை மூன்றாம் ஆண்டில் தேன்சிட்டாகலாம். அதனால் ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். படங்கள் இருக்கும் சிடியைக் கேட்டு வாங்கி, உறையின் மேல் தேதி எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துப் புதிய படம் எடுக்கும்போது பழைய நடுமூளையைப் பக்கத்தில் வைத்து அளக்க மருத்துவருக்கு அது தேவைப்படும்.